சிறந்த பயனாளி

எங்கள் குடும்பத்தில் யாரும் குடிப்பதில்லை. இதை நான் பதினோரு வருடங்களாகச் சொல்லி வந்தேன். என் தம்பி பதினோரு வருடங்களாகக் குடித்து வந்தான். இரண்டும் ஒரே வீட்டில், மாடியில் நானும் கீழே அவனுமாக, ஒன்றோடொன்று இடிக்காமல் நடந்துகொண்டிருந்தன.

அதற்கு வேண்டிய சொற்கள் எங்களிடம் இருந்தன. விருந்து வீட்டில் அவன் நாற்காலியோடு சாய்ந்தால் இரத்த அழுத்தம். காலையில் கை நடுங்கினால் சத்துக் குறைவு. வாசலில் செருப்பைக் கழற்ற அரை மணி நேரம் ஆனால் மூட்டு வாதம். மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் வியாதிகளில் பாதியை நான் அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை. எடை அளவுத் துறையில் முப்பத்தோரு வருடம் ஆய்வாளராக இருந்தவன் நான். என் முத்திரை விழுந்த படிக்கல்லை எந்தக் கடைக்காரரும் கேள்வி கேட்டதில்லை. தம்பியின் மீதும் அந்த முத்திரையைத்தான் குத்தியிருந்தேன்.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலை. கை நடுக்கம் முற்றியதும் முதலாளி அவனை வில்லையிலிருந்து எடுத்து, துடைக்கும் துணியை மடிக்கும் வேலையில் போட்டார். ஊரில் கேட்டவர்களிடம் அதைப் பதவி உயர்வு என்று சொன்னேன்.

அவன் மனைவி பொது நூலகத்தில் வேலை பார்க்கிறவள். அங்கே பழகிய பழக்கம், எதையும் மெதுவாகத்தான் சொல்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியேறி வந்து, நின்றபடியே சொன்னாள்.

"மாமா, மூணு மாசம் பார்ப்பேன். அதுக்குள்ள அவர் நிறுத்தலேன்னா நான் அக்கா வீட்டோட போயிடறேன். ஏன் வந்தேன்னு யாரு கேட்டாலும் உள்ளதச் சொல்லிடுவேன்."

அவள் போய்விட்டால் தம்பி ஒரு வருடம் தாங்கமாட்டான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று என்னை உட்காரவைத்தது அவள் கடைசியாகச் சொன்னதுதான். ஆலோசகர் யாரிடமாவது கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள். வெளியாள் காதில் போட்டால் அது வெளியாள் வாய்க்கு வர எத்தனை நாளாகும் என்று கேட்டேன். அப்படியானால் உள்ளாளே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

உள்ளாள் என்றால் நான்தான். மறுநாளே போதை மீட்பு ஆலோசகர் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தேன். மூன்று மாதப் படிப்பு. சமூகப் பற்றுள்ள யாரும் சேரலாம் என்று போட்டிருந்தது. தொழிலை நானே கற்றுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வைத்துத் தம்பியைச் சரிசெய்துவிட்டால், எங்கள் குடும்பத்தில் யாரும் குடிப்பதில்லை என்பது மறுபடியும் உண்மையாகிவிடும்.

கழகம் மூன்றாம் மாடியில் இருந்தது. மின்தூக்கி பழுது. அதன் கதவில், 'சார்ந்திருப்பதே அடிமைத்தனத்தின் தொடக்கம்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். படியேறிப் போனால் ஒரு நீளமான அறை, இருபத்திரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அட்டை. முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து ஏன் இந்தப் படிப்புக்கு வந்தோம் என்று சொல்ல வேண்டும். பொதுச் சேவை என்றேன். எனக்கு அடுத்து இருந்த பேக்கரிக்காரரும் பொதுச் சேவை என்றார். தையல் கடை அம்மாளும் அதையே சொன்னார். இருபத்திரண்டு பேரும் பொதுச் சேவைக்காகவே வந்திருந்தார்கள். யார் முகமும் இரவில் தூங்கிய முகமாக இல்லை.

பிறகு இயக்குநர் பேசினார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் நான்கு பேனா.

"ஒன்பது வருஷத்துல நாலாயிரம் ஆலோசகர்களை இந்தக் கழகம் உருவாக்கியிருக்கு. இதுவரைக்கும் ஒரு நோயாளிகூட எங்க மேல புகார் சொன்னதில்ல."

கைதட்டல் அடங்கியதும், எத்தனை நோயாளிகளைப் பார்த்திருக்கிறீர்கள் என்று பேக்கரிக்காரர் கேட்டார். இயக்குநர் முகம் மலர்ந்தார். நல்ல கேள்வி என்றார். கழகம் இப்போது முதற்கட்டத்தில், அதாவது ஆலோசகர்களை உருவாக்கும் கட்டத்தில் இருக்கிறது, நோயாளிகள் இரண்டாம் கட்டத்தில் வருவார்கள் என்றார். அதுவரை நாலாயிரம் ஆலோசகர்களும் என்ன செய்கிறார்கள் என்றால், மற்ற கழகங்களில் ஆலோசகர்களை உருவாக்குகிறார்கள். இதைச் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போனார். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை அவர் மொட்டைமாடிக்குப் போவது வழக்கம். கொள்கை வகுக்கப் போகிறார் என்று சொன்னார்கள். திரும்பி வரும்போது கொள்கை வாடை சட்டையில் அடிக்கும். உடனே ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார்.

பாடம் நடத்தியவர் பயிற்றுநர் அம்மையார். கையில் ஒரு சிறு மணி வைத்திருப்பார். அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது, எதைச் சொல்லக்கூடாது என்பது. 'குடிகாரன்' என்று சொல்லக்கூடாது. 'குடி' என்றும் கூடாது. 'பயனாளி' என்று சொல்ல வேண்டும். அவர் உள்ளே தள்ளுவது 'பொருள்'. தள்ளிய பிறகு அவர் தெருவில் விழுந்து கிடப்பது 'பயன்பாட்டுக்குப் பிந்தைய ஓய்வு'. தவறி அந்தப் பழைய சொல்லைச் சொல்பவர் வகுப்புக்கு வெளியே ஐந்து நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். பேக்கரிக்காரர் முதல் வாரத்தில் பாதிப் பாடத்தை வெளியிலிருந்துதான் கேட்டார்.

இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பதினோரு வருடம் நான் ஒண்டியாகச் செய்துவந்ததை இங்கே ஒரு நிறுவனமே செய்துகொண்டிருந்தது.

இரண்டாவது பாடம் தலையாட்டல். பயனாளி பேசும்போது ஆலோசகர் நிமிடத்துக்கு நான்கு முறை தலையாட்ட வேண்டும். மூன்று என்றால் அலட்சியம், ஐந்து என்றால் அவசரம். தலையை இடப்பக்கம் பதினைந்து பாகை சாய்த்தால் அதற்குப் பெயர் பரிவு. சாய்வை அளக்க அம்மையார் ஓர் அட்டை வைத்திருந்தார். அதை ஒவ்வொருவர் காதருகிலும் பிடித்துப் பார்த்தார். என் முறை வந்ததும் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அளவுக் கருவி என்றால் யார் சரிபார்த்தது, எந்த வருடம் என்று முத்திரை இருக்க வேண்டும். இதில் ஒன்றும் இல்லையே என்றேன். அம்மையார் கோபிக்கவில்லை. தலையைப் பதினைந்து பாகை சாய்த்து, நான்கு முறை ஆட்டி, என் பெயருக்கு நேரே 'எதிர்ப்பு மனநிலை' என்று எழுதிக்கொண்டார்.

பயனாளி குணமாவதற்கு ஐந்து கட்டங்கள் உண்டு. மறுப்பு, கோபம், அழுகை, எதிர்ப்பு, ஒப்புதல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். எந்தப் பயனாளியும் முந்தக்கூடாது, பிந்தக்கூடாது. நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். தினமும் சாயங்காலம் அந்த நோட்டோடு தம்பி வீட்டைத் தாண்டித்தான் மாடியேறுவேன். அவன் உள்ளே மூட்டு வாதத்தோடு படுத்திருப்பான். இன்னும் கொஞ்சம் படித்துக்கொண்டு ஆரம்பிக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு மாதம் இப்படிப் போனது.

ஐந்தாவது வாரம் நடிப்புத் தேர்வு. கழகத்தில் நோயாளிகள் இல்லாததால் மாணவர்களே முறை வைத்துப் பயனாளியாக நடிக்க வேண்டும். என்னைப் பயனாளியாக்கி எதிரே பேக்கரிக்காரரை உட்காரவைத்தார்கள். அவர் நான்கு முறை தலையாட்டிவிட்டு, நேற்று பொருள் எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை என்றேன். மணி அடித்தது. இருபதுக்கு இரண்டு.

"உங்க மறுப்புல உயிரே இல்லையே, ஐயா," என்றார் அம்மையார். "கேட்கிறவங்களுக்கு நம்பிக்கை வரல. வீட்டுல நல்லா பழகிட்டு வாங்க."

முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் என்னை யாரும் நம்பாமல் போனதில்லை. இருபதுக்குப் பன்னிரண்டு எடுக்காவிட்டால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கினால் தம்பியை யார் பார்ப்பது? வேறு வழியில்லாமல் அன்று சாயங்காலம் நோட்டோடு கீழே போனேன். தம்பி மனைவி நூலகத்திலிருந்து இன்னும் வரவில்லை. அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு ஒண்ணு சொல்லித்தரணும்," என்றேன்.

"நானா? என்ன அண்ணே?"

"குடிச்சிட்டு, குடிக்கலேன்னு எப்படிச் சொல்றது?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அந்தச் சொல்லை என் வாயிலிருந்து அவன் கேட்பது அதுவே முதல் தடவை. பிறகு, "கதவைச் சாத்துங்க," என்றான்.

நடந்ததைச் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தவறு எங்கே என்று உடனே கண்டுபிடித்துவிட்டான்.

"நிமிர்ந்து உக்காந்தீங்க பாருங்க, அங்கயே போச்சு. குடிக்காதவன் எதுக்கு அண்ணே நிமிரணும்? அவன்பாட்டுக்கு இருப்பான். யாராவது கேட்டா பதில் சொல்லாதீங்க. 'சாப்பிட்டாச்சா'ன்னு திருப்பிக் கேளுங்க. கேள்வி கேக்கறவன எவனும் சந்தேகப்பட மாட்டான்."

நோட்டைப் பிரித்து எழுதிக்கொண்டேன்.

"அப்புறம், ஒண்ணுமே இல்லேன்னு சொல்லக்கூடாது. ஆறுன்னா ஒண்ணுன்னு ஒத்துக்கணும். எதையோ கண்டுபிடிச்சுட்டோம்கற திருப்தி அவங்களுக்கும் வேணும்ல?"

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. நான் சோதனைக்குப் போன கடைகளில் எல்லாம் ஒரே ஒரு குறைப் படிக்கல், அதுவும் கைக்கு எட்டும் இடத்தில் அகப்பட்டதை நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை மேலே வளர்க்கவில்லை.

இப்படி எட்டுச் சாயங்காலங்கள் பாடம் நடந்தது. எப்படி நடந்தால் நேராகத் தெரியும், எந்தப் பக்கம் நின்று பேசினால் வாடை போகாது, முதலாளியிடம் எது எடுபடும், மனைவியிடம் எது எடுபடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தான். அவன் நல்ல வாத்தியார். நாங்கள் சிறுவயதுக்குப் பிறகு இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. பாட நேரத்தில் அவன் குறைவாகக் குடித்திருந்தான் என்பதையும் கவனித்தேன். சொல்லித்தருகிறவனுக்குத் தெளிவு வேண்டும் அல்லவா?

எட்டாம் நாள் ஒத்திகை வைத்தான். அவன் ஆலோசகர், நான் குடிகாரன். அவன் கேட்டான், நான் சொன்னேன். ஒண்ணுதான் போட்டேன். அதுவும் கடையில வற்புறுத்தினாங்க. நாளையிலேர்ந்து தொடமாட்டேன். கை நடுங்கறது சத்து இல்லாததால. சரளமாக வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. கடைசியாக, "அவளுக்குத் தெரியாது, நீங்க சொல்லிடாதீங்க," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.

"அண்ணே, நான் இப்படித்தான் பேசறனா?"

"நீ இன்னும் நல்லா பேசுவே. எனக்கு அவ்வளவு வரல."

"அவளுக்குத் தெரியாதுன்னு நீங்க சொன்னப்ப, யாருடா இந்த மடையன்னு தோணிச்சு."

பிறகு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று உண்மையான அளவைச் சொன்னான். நான் மனத்துக்குள் போட்டு வைத்திருந்ததைவிட அது இரண்டு மடங்கு. அளவை அதிகாரியான நான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பதினோரு வருடம் பாதிக்குப் பாதி தப்பாக அளந்திருக்கிறேன். நான் தலையாட்டவில்லை. எந்தப் பக்கமும் சாய்க்கவும் இல்லை. விடுவதென்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவன் கேட்டான். நோட்டைப் புரட்டினேன். ஒப்புதல் ஐந்தாவது கட்டம், அது இன்னும் நடத்தப்படவில்லை.

"தெரியல," என்றேன். தம்பியிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னதாக நினைவில்லை.

மறுநாள் காலையில் அவனைப் பொது மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். நூறு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் தாதி ஒருத்தி கதவைத் திறந்து, "குடிப்பழக்கம், அம்பத்தாறு வயசு, யாரு?" என்று கூவினாள். இங்கே பயனாளி என்று சொல்ல வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. தம்பி எழுந்தான். அவனால் தனியாக நடக்க முடியவில்லை, நானும் எழுந்தேன். "ரெண்டு பேருமா?" என்றாள். நூறு தலைகள் திரும்பின. அந்தக் கூடத்தின் நீளம் நாற்பது அடி இருக்கும். நான் நடந்ததிலேயே அதுதான் நீளமான நடை.

திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு வரும் என்று டாக்டர் சேர்த்துக்கொண்டார். ஐந்து நாள் ஊசி, மாத்திரை. பிறகு வாரம் இருமுறை வந்துபோகச் சொன்னார். ஒன்பதாம் நாள் தம்பி திரும்பக் குடித்துவிட்டான். நான் கேட்பதற்கு முன் அவனே மாடியேறி வந்து, "அண்ணே, ஒண்ணு இல்ல, நாலு," என்றான். கூட்டிக்கொண்டு போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இதற்கிடையில் கழகத்தில் மறுதேர்வு வந்தது. நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தேன். பொருள் எடுத்தீர்களா என்று பேக்கரிக்காரர் கேட்டதும், "சாப்பிட்டாச்சா?" என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. இந்தப் பதிலை அவர் எங்கேயோ தினமும் கேட்பவர்போல இருந்தது. பத்து நிமிடம் நடந்தது. இருபதுக்குப் பத்தொன்பது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒன்பது வருடத்தில் இப்படியொரு பயனாளியைக் கழகம் பார்த்ததில்லை என்றார். பயனாளியையே பார்த்ததில்லை என்பதால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் பேருந்திலிருந்து இறங்கிப் பார்க்கிறேன், கழகத்தின் வெளிச்சுவரில் பன்னிரண்டடிப் பலகை. அதில் மறுதேர்வில் எடுத்த என் புகைப்படம், சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் திறந்து, கண் பாதி மூடியபடி. கீழே கொட்டை எழுத்தில், 'இந்த ஆண்டின் சிறந்த பயனாளி'.

அன்று மத்தியானமே ஒன்றுவிட்ட தங்கை போன் செய்தாள்.

"போர்டுல பாத்தேண்ணே. மனசே கேக்கல. இத்தனை வருஷமா நாங்க சின்ன அண்ணனத்தானே தப்பா நெனச்சிட்டிருந்தோம்."

"என்ன தப்பா நெனச்சீங்க?"

"குடிக்கறார்னுதான். ஊருக்கே தெரியுமே. உங்க முன்னால மட்டும் ரத்த அழுத்தம்னு சொல்லணும்னு எல்லாரும் பேசி வச்சிருந்தோம். நீங்க சங்கடப்படுவீங்கன்னு."

போனை வைத்தேன். பதினோரு வருடமாக நான் இந்த ஊரிலிருந்து ஒரு இரகசியத்தைக் காப்பாற்றி வந்தேன். இந்த ஊர் என்னிடமிருந்து ஒரு இரகசியத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

இயக்குநரிடம் போய்ப் பலகையை எடுக்கச் சொன்னேன். நான் குடிகாரன் அல்ல என்றேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்தார்.

"மறுப்பு," என்றார். "முதல் கட்டம். அருமையா ஆரம்பிச்சிருக்கீங்க."

நான் குரலை உயர்த்தினேன். இரண்டாம் கட்டத்துக்கு இவ்வளவு சீக்கிரம் போகக்கூடாது என்று எச்சரித்தார். தடைசெய்த சொல்லைச் சொன்னதற்காக ஐந்து நிமிடம் வெளியே நின்றேன். பேக்கரிக்காரர் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.

பன்னிரண்டாம் வாரம் இறுதிச் செய்முறைத் தேர்வு. தம்பி மனைவி கொடுத்த தவணையும் அன்றோடு முடிகிறது. காலையில் அவள் ஒன்றும் கேட்கவில்லை, அக்கா வீட்டுக்குப் போவது பற்றிச் சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னாள். அவன் குடிக்காமல் கழித்த இருபத்தொன்பது நாட்களை அவள் நம்பவில்லை என்று சொல்லமுடியாது. நம்பினாள் என்றும் சொல்லமுடியாது. பதினோரு வருடம் நான் அவனுக்குச் சொன்ன வியாதிகளைக் கேட்டு வந்தவள்.

இந்தத் தேர்வுக்கு மட்டும் உண்மையான பயனாளி ஒருவரை அழைத்து வர வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில் தம்பியின் பெயர் எழுதி, உறவு என்ற இடத்தில் 'தெரிந்தவர்' என்று போட்டிருந்தேன். அதை நான் எழுதியபோது தம்பி பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மேடையில் மேசை. இயக்குநர், அம்மையார், வெளித்தேர்வாளர் ஒருவர். வெளித்தேர்வாளர் இந்தக் கழகத்தில் படித்தவர். வெளியே போனவர் என்பதால் வெளித்தேர்வாளர். கீழே மாணவர்கள் இருபத்தொரு பேர். வெளித்தேர்வாளர் தம்பியிடம் கடைசியாகப் பொருள் எடுத்தது எப்போது என்று கேட்டார். இருபத்தொன்பது நாளைக்கு முன்னால் என்றான் தம்பி.

மேசையில் குழப்பம் உண்டாயிற்று. மூவரும் விதிப்புத்தகத்தில் குனிந்தார்கள். பயனாளி என்றால் கடந்த எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியவர். இவர் பயன்படுத்தவில்லை. ஆகவே இவர் பயனாளி இல்லை. பயனாளி இல்லாதவருக்கு ஆலோசனை வழங்கினால் அது வெறும் பேச்சு. தவிர, வகுப்பில் நான்காம் கட்டமே போன வாரம்தான் முடிந்திருக்கிறது. அதற்கு முன்பே இவர் எப்படிக் குணமடையத் தொடங்கினார் என்று அம்மையார் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். யாராவது அனுமதி கொடுத்தார்களா?

இயக்குநர்தான் வழி கண்டுபிடித்தார். எழுந்து நின்று, சபையைப் பார்த்துப் பேசினார்.

"விதி மனுஷனுக்காகத்தான் இருக்கு. ஒரு நல்ல மாணவரோட மூணு மாச உழைப்பு, சின்ன தொழில்நுட்பக் குறையால வீணாகக்கூடாது. இந்தத் தெரிஞ்சவர் பயிற்சி நோக்கத்துக்காக இப்ப ஒரு சிறு அளவு எடுத்துக்கலாம். கழகம் எழுத்துமூலமா அனுமதி கொடுக்கும். தேர்வு முடிஞ்சதும் அவர் மறுபடியும் நிறுத்திக்கலாம். நாங்க சான்றிதழ் வாங்கின ஆலோசகர்கள் மூணு பேர் பக்கத்துலயே இருக்கோம்."

அலமாரியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார். 'செயல்விளக்கப் பொருள்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அம்மையார் ஒரு கண்ணாடிக் குடுவையில் அதைக் கோடு வரைக்கும் ஊற்றினார். குடுவையில் முத்திரை இல்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் சொல்லவில்லை. தம்பியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக அடங்கியிருந்த விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் ஓடத் தொடங்கியிருந்தன. அவன் குடுவையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்கிறேனோ அதைச் செய்வான். பதினோரு வருடமாக நான் கொடுத்த வியாதிகளை எல்லாம் மறுக்காமல் வாங்கிக்கொண்டவன்.

எழுந்தேன்.

"இவன் எனக்குத் தெரிஞ்சவன் இல்ல. என் கூடப்பொறந்த தம்பி. பதினோரு வருஷமாக் குடிகாரன். இருபத்தொம்பது நாளாக் குடிக்கல. அந்தக் குடுவைய உள்ள எடுத்து வைங்க."

சொல்லி முடித்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டேன். கூரை இடிந்து விழவில்லை. அம்மையார் மணி அடித்தார், அவ்வளவுதான். தடைசெய்த சொல் ஒரு முறை, இரத்த உறவை மறைத்தது ஒரு முறை, ஆக பத்து நிமிடம் வெளியே நிற்க வேண்டும் என்றார். தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பேக்கரிக்காரர் வழியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னிடம் பேசவில்லை, தம்பியிடம் கேட்டார்.

"தம்பி, மொதல் நாள் என்ன பண்ணீங்க? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தருக்கு."

"மொதல்ல ஆஸ்பத்திரி. தானா நிறுத்தச் சொல்லாதீங்க, வலிப்பு வந்துடும்," என்றான் தம்பி.

பேக்கரிக்காரர் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை என்று தையல் கடை அம்மாள் கேட்டார். அவருக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். ராத்திரி சாப்பிட மறுத்தால் என்ன செய்வது, ஒளித்து வைத்த பாட்டிலைக் கண்டுபிடித்தால் கொட்டலாமா, மறுபடி குடித்துவிட்டால் திட்டலாமா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். திட்டினால் அடுத்த தடவை சொல்லமாட்டார்கள் என்றான் தம்பி. நாற்காலிகள் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பின. இருபத்தொரு நோட்டும் திறந்திருந்தன. மூன்று மாதத்தில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுதி நான் பார்த்ததில்லை. அவர்களுடைய பக்கத்து வீடுகளை நினைத்து எனக்குப் பரிதாபமாக இருந்தது.

இது பாடத்திட்டத்தில் இல்லை என்று இயக்குநர் மூன்று முறை அறிவித்தார். பிறகு கொள்கை வகுக்க மொட்டைமாடிக்குப் போனார். செயல்விளக்கப் பொருளையும் பாதுகாப்புக் கருதி எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்து அம்மையார் மேடையிலிருந்து இறங்கி வந்து என் மதிப்பெண் தாளைக் கொடுத்தார். தோல்வி. காரணம்: 'பயனாளியை உரிய கட்டத்துக்கு முன்பே குணமடையத் தொடங்க அனுமதித்தது.' கொடுத்துவிட்டுச் சற்றுத் தயங்கி, அந்த ஆஸ்பத்திரியில் காலை எத்தனை மணிக்குச் சீட்டுத் தருகிறார்கள் என்று தம்பியிடம் கேட்டார். மணியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். அது ஒலிக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் தம்பி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். எங்கள் நிறுத்தம் நெருங்கியபோது வாயைத் திறந்தான். அந்த நிறுத்தத்துக்கு நேர் எதிரில் மதுக்கடை.

"அண்ணே, அந்தப் பாட்டிலப் பாத்ததுலேர்ந்து ஒரு மாதிரி இருக்கு."

"எவ்வளவு?"

"ரொம்ப."

இதற்கு என் நோட்டில் ஒன்றும் இல்லை. "ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்குவோம்," என்றேன். இறங்கி, பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. பாதி தூரம் அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். தெருவில் பார்த்தவர்கள் யார் யாரைத் தாங்கி வருகிறார்கள் என்று பலகையை வைத்து முடிவு செய்துகொண்டிருப்பார்கள். செய்துகொள்ளட்டும்.

தம்பி மனைவி கதவைத் திறந்தபடி நின்றாள். கையில் போன். மறுமுனையில் அவள் அக்கா இருந்தார்போல.

"ஏன் இவ்வளவு நேரம்? என்னாச்சு, மாமா?"

"பெயில்," என்றேன்.

அவள் முகம் மாறியது. தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரு?"

"நான்தான்."

அவள் தம்பிக்கு அருகில் வந்து நின்றாள். வாடை பார்க்கிறாள் என்று தெரிந்தது. அவன் விலகாமல் நின்று கொடுத்தான். மூச்சை அவள் முகத்துக்கு நேராக விட்டான். பிறகு அவள் போனைக் காதில் வைத்தாள்.

"இல்லக்கா, இன்னிக்கு வரல," என்றாள். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "நாளைக்கா? அத நாளைக்குத்தான் சொல்ல முடியும்."